எம்பெடட் லினக்ஸ் போர்டில் ஹெச்இசட்டை மாற்றுமுன் பார்க்க வேண்டியவை

சென்சார் வாசிப்பு பிந்துகிறது, சீரியல் பதில் தாமதமாகிறது, இடைமுகம் இழுக்கிறது என்றதும் "ஹெச்இசட்டை 1000 ஆக்கிப் பார்" என்று யாராவது சொல்லிவிடுவார்கள்; கர்னலின் டைமர் டிக் வீதத்தைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். சில இடங்களில் அது சரியான யோசனைதான். ஆனால் இதை ஓடுகிற கர்னலில் மாற்ற முடியாது. பூட் ஆர்கியுமென்ட்டாகவும் கொடுக்க முடியாது. கர்னலையும் எல்லா மாட்யூல்களையும் திரும்ப கம்பைல் செய்து, சோதனைகளை முதலிலிருந்து ஓட்ட வேண்டும். அவ்வளவு வேலைக்கு இறங்குமுன் ஒரு கேள்விக்கு விடை வேண்டும்: தாமதமாகிற அந்தக் காத்திருப்பு ஜிஃபியை (இரு டிக்குகளுக்கு இடைப்பட்ட நேரம்) நம்பி ஓடுகிறதா, டிக்கைச் சாராத ஹை ரெசல்யூஷன் டைமரை (ஹெச்ஆர்டைமர்) நம்பி ஓடுகிறதா?

ஹெச்இசட் என்பது ஒரு வினாடிக்கு எத்தனை டிக் என்ற எண். 100 என்றால் ஒரு ஜிஃபி 10 மில்லிசெகண்டு, 250 என்றால் 4, 1000 என்றால் 1. பழைய 2.4 கர்னலில் இன்டெல் கணினிகளுக்கு 100, 2.6 வந்தபோது 1000. 2005இல் வந்த 2.6.13 முதல் அதைத் தேர்ந்தெடுக்கும்படி செய்து 250ஐ இயல்பாக வைத்தார்கள். 64 பிட் ஆர்ம் இந்தப் பொதுப் பட்டியலையே பயன்படுத்துகிறது: 100, 250, 300, 1000, இயல்பு 250. 32 பிட் ஆர்முக்குத் தனிப் பட்டியல். அதில் 200, 500 ஆகியவையும் உண்டு, இயல்பு 100. ஒரே பயன்பாட்டை 32 பிட் போர்டிலிருந்து 64 பிட் போர்டுக்கு மாற்றியதும் டிரைவர் வேகம் மாறியதுபோலத் தெரிந்தால், சந்தேகப்பட வேண்டியவற்றில் இதுவும் ஒன்று.

முதலில் இப்போது என்ன ஓடுகிறது என்று பாருங்கள். பலர் கெட்கான்ஃப் கட்டளையில் சிஎல்கே_டிசிகே என்று கேட்டு, 100 என்று வந்ததும் அதுதான் கர்னலின் ஹெச்இசட் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அது யூசர்_ஹெச்இசட். பயனர் நிரல்களுக்குக் காட்டுவதற்கென்றே நிலையாக வைத்திருக்கும் எண். கர்னல் 1000இல் ஓடினாலும் அது 100 என்றே சொல்லும். /ப்ராக்/ஸ்டாட் கோப்பில் வரும் எண்களும் இந்த அலகில்தான் வருகின்றன.

நம்பகமான வழி, கிளாக்_மோனோடானிக்_கோர்ஸ் என்ற கடிகாரத்தின் ரெசல்யூஷனைக் கேட்பது. கிளாக்_கெட்ரெஸ் அழைப்புக்கு அந்தக் கடிகாரத்தின் எண்ணான 6ஐக் கொடுத்தால் ஒரு டிக்கின் நீளம் நானோசெகண்டில் வந்துவிடும். 1,00,00,000 என்றால் ஹெச்இசட் 100. 40,00,000 என்றால் 250. 33,33,333 என்றால் 300. பைத்தான் இருந்தால் ஒரு வரி, இல்லாவிட்டால் நான்கு வரி சி நிரல். ரூட் அனுமதி தேவையில்லை. கர்னலின் கான்ஃபிக் கோப்பு /ப்ராக் கீழே சுருக்கப்பட்ட வடிவில் கிடைத்தால் அதிலும் பார்க்கலாம். ஆனால் பல தயாரிப்புக் கர்னல்களில் அந்த வசதியை அணைத்து வைத்திருப்பார்கள்.

பூட் செய்திகளிலிருந்தும் கண்டுபிடிக்கலாம். "காலிபிரேட்டிங் டிலே லூப்" என்ற வரியில் போகோமிப்ஸ் மதிப்பும் (தாமத லூப்பின் வேக அளவு) எல்பிஜே மதிப்பும் (ஒரு ஜிஃபிக்கான லூப் எண்ணிக்கை) இருக்கும். போகோமிப்ஸை 5,00,000ஆல் பெருக்கி எல்பிஜேயால் வகுத்தால் வருவது ஹெச்இசட். 24 மெகாஹெர்ட்ஸ் ஆர்ம் ஜெனரிக் டைமர் உள்ள போர்டில் 48.00 போகோமிப்ஸ், எல்பிஜே 2,40,000 என்றிருந்தால் ஹெச்இசட் 100. ராஸ்பெர்ரி பை 4இன் டைமர் 54 மெகாஹெர்ட்ஸ், அங்கே 108.00 போகோமிப்ஸ், எல்பிஜே 2,16,000 என்றிருந்தால் 250. களத்திலிருந்து யாரோ அனுப்பிய லாக் மட்டுமே கையில் இருக்கும்போது இது ரொம்பவே உதவும்.

/ப்ராக்/இன்டரப்ட்ஸ் கோப்பை ஒரு வினாடி இடைவெளியில் இரண்டு முறை பார்த்து டைமர் வரியின் வித்தியாசத்தை எடுப்பவர்களும் உண்டு. சும்மா கிடக்கும் போர்டில் அப்படிச் செய்தால் ஏமாந்து போவீர்கள்: நோ_ஹெச்இசட்_ஐடில் (டிக்லெஸ் வசதி) இருந்தால் வேலையில்லாத சிபியு டிக்கையே நிறுத்திவிடும், எண்ணிக்கை குறைவாக வரும். டாஸ்க்செட் மூலம் ஒரு கோரில் முடிவில்லாத வெற்று லூப் ஒன்றை ஓடவிட்டு, அந்தக் கோரின் பத்தியை 10 வினாடி இடைவெளியில் படித்து 10ஆல் வகுக்க வேண்டும். ஹை ரெசல்யூஷன் டைமர்களும் அதே இன்டரப்டில் வருவதால் எண் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். வரியின் பெயர் போர்டுக்குப் போர்டு மாறும்: ஜெனரிக் டைமர் உள்ளவற்றில் ஆர்ச்_டைமர், பல கார்டெக்ஸ் ஏ9 சிப்களில் டிடபிள்யுடி.

அடுத்தது ஹை ரெசல்யூஷன் டைமர் உண்மையில் இயங்குகிறதா என்பது. கான்ஃபிக்கில் இயக்கியிருப்பது மட்டும் போதாது. ரூட்டாக /ப்ராக்/டைமர்_லிஸ்ட் கோப்பைத் திறந்து, "டிக் டிவைஸ்" பகுதியில் மோட் 1 என்றிருக்கிறதா, ஈவென்ட் ஹேண்ட்லராக ஹெச்ஆர்டைமர்_இன்டரப்ட் இருக்கிறதா என்று பாருங்கள். ரெசல்யூஷன் 1 நானோசெகண்டு என்று காட்ட வேண்டும். மோட் 0, ரெசல்யூஷன் 1,00,00,000 என்றால் உங்கள் போர்டு பீரியாடிக் டிக்கில்தான் ஓடுகிறது. இதற்குப் பழகிய உதாரணம் ஆட்மெல் சாம்9 வகை சிப்களின் பிஐடி டைமர். அதன் டிரைவருக்குப் பீரியாடிக் முறை (சீரான இடைவெளியில் அடிப்பது) மட்டுமே தெரியும், ஒன்ஷாட் (கேட்ட நேரத்தில் ஒருமுறை அடிப்பது) கிடையாது. ஒன்ஷாட் இல்லாமல் ஹெச்ஆர்டைமரும் இல்லை, டிக்லெஸ்ஸும் இல்லை. அந்தப் போர்டுகளில் டைமர் கவுன்ட்டர் பிளாக்கை கிளாக் ஈவென்ட்டாக அமைப்பது ஹெச்இசட்டை உயர்த்துவதைவிட நல்ல தீர்வு. சில சிப்களில் கோருக்குள் இருக்கும் டைமர் ஆழ்ந்த ஐடில் நிலையில் நின்றுவிடும். அதற்கு ஈடாக பிராட்காஸ்ட் டைமர் ஒன்று டிவைஸ் ட்ரீயில் வரையறுக்கப்பட்டிருக்க வேண்டும். அந்த நோடை யாராவது டிசேபிள் செய்துவைத்தால் கதை கெட்டது.

ஹெச்ஆர்டைமர் சரியாக இயங்கும் போர்டில் நானோஸ்லீப், கிளாக்_நானோஸ்லீப், டைமர்எஃப்டி, போல், ஈபோல், ஃப்யூடெக்ஸ் காத்திருப்பு எதற்கும் ஹெச்இசட்டோடு சம்பந்தமில்லை. 100இல் ஓடும் கர்னலிலும் 1 மில்லிசெகண்டு தூக்கம் ஏறக்குறைய 1 மில்லிசெகண்டுதான். மேலே ஒட்டிக்கொள்ளும் 50 மைக்ரோசெகண்டு டைமர் ஸ்லாக் (எழுப்புதல்களைச் சேர்த்துச் செய்ய கர்னல் விடும் சலுகை நேரம்); சாதாரண ப்ராசஸ்களுக்கு அது இயல்பு. வேண்டாம் என்றால் பிஆர்சிடிஎல் வழியாகக் குறைக்கலாம். எஸ்சிஹெச்இடி_ஃபிஃபோ போன்ற ரியல்டைம் கொள்கையில் ஓடும் த்ரெட்டுக்கு அந்த ஸ்லாக் இல்லை. ஆக, "என் நிரலின் யூஸ்லீப் துல்லியமாக இல்லை" என்ற புகாருக்கு ஹெச்இசட் மருந்தல்ல.

அப்படியானால் எதற்கு மருந்து? டிரைவருக்குள் இருக்கும் எம்ஸ்லீப் (மில்லிசெகண்டுத் தூக்கம்), ஷெட்யூல்_டைமவுட், மாட்_டைமர், டிலேயிட் வொர்க் ஆகியவை எல்லாம் ஜிஃபிக் கணக்கு. பயனர் பக்கத்திலும் ஒன்று ஒளிந்திருக்கிறது: சாக்கெட்டில் வைக்கும் எஸ்ஓ_ஆர்சிவிடைமோ என்ற பெறுதல் டைமவுட். அதை உள்ளே ஜிஃபியாக மாற்றித்தான் வைத்துக்கொள்கிறார்கள். 5 மில்லிசெகண்டு என்று கொடுத்தால் ஹெச்இசட் 100இல் அது ஒரு முழு ஜிஃபியாக மேல்நோக்கி உருட்டப்பட்டு, 10இலிருந்து 20 மில்லிசெகண்டுவரை போகும். மோட்பஸ் டிசிபி மாதிரி கேள்வி-பதில் நெறிமுறையில் சின்ன டைமவுட் வைத்துச் சுற்றும் நிரல்கள் இதில்தான் மாட்டிக்கொள்கின்றன. போல் அழைப்பின் டைமவுட்டுக்கு மாற்றினால் கர்னலைத் தொடாமலே தீர்ந்துவிடும்.

யார் எதில் காத்திருக்கிறார்கள் என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. ட்ரேசிங் கோப்பகத்தில் டைமர் என்ற நிகழ்வுக் குழுவில் டைமர்_ஸ்டார்ட், ஹெச்ஆர்டைமர்_ஸ்டார்ட் இரண்டையும் இயக்கி, சிக்கல் எழும் வேலையை சில வினாடி ஓடவிடுங்கள். உங்கள் ப்ராசஸின் பெயருக்கு எதிரே டைமர்_ஸ்டார்ட் வரியில் ஃபங்க்ஷன் ப்ராசஸ்_டைமவுட், டைமவுட் 2 (புதிய கர்னல்களில் 1) என்று வந்துகொண்டே இருந்தால், யாரோ எம்ஸ்லீப்(1) போன்ற ஒன்றை எழுதியிருக்கிறார் என்று அர்த்தம். ஹெச்ஆர்டைமர்_வேக்கப் என்று வந்தால் அது நானோஸ்லீப் வகை. ஹெச்இசட்டை மாற்றினாலும் அப்படியேதான் இருக்கும். இந்த ஒரு ட்ரேஸ் எடுக்க அரைமணி நேரம் போதும். இதை எடுக்காமல் கர்னலைக் கம்பைல் செய்ய உட்காருவதை நான் ஏற்கமாட்டேன்.

எம்ஸ்லீப்(1) ஹெச்இசட் 100இல் என்ன செய்யும்? குறைந்தது 10 மில்லிசெகண்டு, சாதாரணமாக 20, சில கர்னல் பதிப்புகளில் 30ஐயும் தொடும். அந்த வேறுபாட்டுக்குக் காரணம் 2016இல் 4.8 பதிப்பில் டைமர் வீல் (ஜிஃபி டைமர்களை வரிசைப்படுத்தி வைக்கும் பகுதி) மாற்றி எழுதப்பட்டது. முன்கூட்டியே அடித்துவிடக் கூடாது என்பதற்காக வீல் ஒரு ஜிஃபி சேர்த்தே வைக்கிறது. எம்ஸ்லீப்பும் தன் பங்குக்கு ஒன்று சேர்த்துவந்தது. எல்இடியின் டைமர் ட்ரிக்கரில் டிலே_ஆன், டிலே_ஆஃப் இரண்டிலும் 3 எழுதி ஆசிலோஸ்கோப் முனையை வைத்தால் இதைக் கண்ணால் பார்க்கலாம்: நீங்கள் கேட்டது 3 மில்லிசெகண்டு, திரையில் அரைச்சுற்று 10 அல்லது 20. எந்த எண்ணை எழுதினாலும் அகலம் 10இன் மடங்காகவே தாவும். 250 கர்னலில் அது 4இன் மடங்கு. எல்இடி நேரடியாக ஜிபிஐஓவில் இருக்க வேண்டும். தானே மின்னும் வன்பொருள் உள்ள எல்இடி சிப்பில் இந்தச் சோதனை பொய் சொல்லும்.

அதே வீலில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. நீண்ட டைமர்களுக்கு வீல் துல்லியத்தைக் குறைத்துக்கொள்கிறது. ஹெச்இசட் 100இல் 630 மில்லிசெகண்டுவரை ஒரு ஜிஃபித் துல்லியம். அதற்கு மேல் சுமார் 5 வினாடிவரை 80 மில்லிசெகண்டு படிகள். ஹெச்இசட் 1000இல் 63 மில்லிசெகண்டுவரை 1. 64 முதல் 511 வரை 8. 512 முதல் ஏறக்குறைய 4 வினாடிவரை 64. அதாவது 1 வினாடி டைமவுட் ஒன்றுக்கு, டிக்கைப் பத்து மடங்கு உயர்த்திய பிறகும் கிடைக்கும் துல்லியம் 80இலிருந்து 64 மில்லிசெகண்டுக்கு மாறுவதுதான்.

டிரைவரின் மூலக்குறி உங்கள் கையில் இருந்தால், ஹெச்இசட்டைத் தொடாமல் எம்ஸ்லீப்(1)ஐ யூஸ்லீப்_ரேஞ்ச்(1000, 1500) ஆக மாற்றுங்கள். அது ஹெச்ஆர்டைமரில் ஓடும், எந்த ஹெச்இசட்டிலும் ஒன்றுபோல நடக்கும். 10 மைக்ரோசெகண்டு முதல் 20 மில்லிசெகண்டுவரையான தூக்கத்துக்கு கர்னல் ஆவணங்களே நெடுங்காலம் சொல்லிவந்த வழி அது. மாற்றுகிற வரி ஒன்று. பாதிக்கப்படுவது அந்த டிரைவர் மட்டும்.

ஷெட்யூலர் பக்கம் பார்த்தால், டிக்கின் பங்கு முக்கியமாக ஒரு சூழ்நிலையில்தான்: சிபியுவை விடாமல் தின்னும் இரண்டு சாதாரணப் ப்ராசஸ்கள் ஒரே கோரில் மோதும்போது. உன் நேரம் முடிந்தது என்று சொல்வது டிக்தான். 100இல் அந்தப் பேச்சு 10 மில்லிசெகண்டுக்கு ஒருமுறைதான் நடக்கும். ஒற்றைக் கோர் போர்டில் பின்னணியில் படத்தைச் சுருக்கிக்கொண்டே முன்னணியில் திரை வரையும் வேலைக்கு 250 அல்லது 1000 வித்தியாசம் காட்டும். ஆனால் இன்டரப்டால் எழுப்பப்படும் ஃபிஃபோ முன்னுரிமைத் த்ரெட் டிக்குக்காகக் காத்திருப்பதில்லை. மோட்டார் கட்டுப்பாட்டு லூப் தடுமாறுகிறது என்றால் ப்ரீஎம்ப்ட்_ஆர்டி (கர்னலின் ரியல்டைம் வடிவம்) பக்கம் போங்கள். 2024இல் வந்த 6.12 முதல் அது 64 பிட் ஆர்முக்கு முதன்மைக் கர்னலிலேயே இருக்கிறது. மாற்றத்துக்கு முன்னும் பின்னும் தாமதம் அளக்கும் சைக்ளிக்டெஸ்ட் நிரலைச் சுமையோடு சேர்த்து ஓட்டி, அதிகபட்சத் தாமதத்தை ஒப்பிடுங்கள். சராசரியைப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள்.

எந்த எண்ணைத் தேர்ந்தெடுப்பது? ரவுட்டர், டேட்டா லாகர், கோப்புச் சேமிப்பான் போன்றவற்றுக்கு 100 போதும். இடைமுகம் உள்ள போர்டுகளுக்கு 250. ஹெச்ஆர்டைமருக்கே வழியில்லாத பழைய வன்பொருளிலும், திருத்த முடியாத எம்ஸ்லீப் நிறைந்த டிரைவர்களை வைத்திருப்பவர்களுக்கும் 1000 நியாயம். 32 பிட் ஆர்மில் 200ம் 500ம் இருப்பதை மறக்காதீர்கள். ஜிஃபி சரியாக 5, 2 மில்லிசெகண்டு வரும். 300 காணொளி ஃபிரேம் வீதங்களுக்கு வசதியான எண். அதற்கு வெளியே, 3.33 மில்லிசெகண்டு ஜிஃபி தருவது தலைவலிதான். ஏடி91ஆர்எம்9200 சிப்புக்கு மட்டும் 128 என்று நிலையாக வைத்திருப்பதற்கு நல்ல காரணம் உண்டு: அதன் டைமர் 32,768 ஹெர்ட்ஸ் கடிகாரத்தில் ஓடுகிறது. 128ஆல் வகுத்தால் சரியாக 256. 100ஆல் வகுத்தால் 327.68, அந்தப் பின்னத்தை வன்பொருளில் ஏற்ற முடியாது.

செலவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு டிக்குக்கு 5 மைக்ரோசெகண்டு போகிறது என்று வைத்துக்கொண்டால் 1000இல் ஒரு கோரின் நேரத்தில் 0.5 சதவீதம், 20 ஆகும் மெதுவான சிப்பில் 2 சதவீதம். உங்கள் சிப்பில் எவ்வளவு என்று அறிய, சிபியுஃப்ரீக் கவர்னரை பெர்ஃபார்மன்ஸில் பூட்டிவிட்டு, ஒரே கோப்பை எம்டி5சம்முக்குக் கொடுத்து இரு கர்னல்களிலும் நேரம் எடுங்கள். கவர்னரைப் பூட்டாவிட்டால் ஒப்பீடே செல்லாது. மின்சாரத்தைப் பொறுத்தவரை, டிக்லெஸ் ஐடில் இயங்கும் போர்டு பெரும்பகுதி சும்மா இருந்தால் ஹெச்இசட் மாற்றம் பேட்டரியில் பெரிதாகத் தெரியாது.

மாற்றும் முறைக்கு வருவோம். பழைய கர்னல் இமேஜை வேறு பெயரில் அப்படியே வைத்து, யூ-பூட்டிலிருந்து அதைத் தேர்ந்தெடுக்க ஒரு வழி செய்துகொள்ளுங்கள். மெனுகான்ஃபிக்கில் "கர்னல் ஃபீச்சர்ஸ்" பிரிவுக்குள் "டைமர் ஃப்ரீக்வென்சி". ஹை ரெசல்யூஷனும் டிக்லெஸ்ஸும் "ஜெனரல் செட்டப்" கீழே "டைமர்ஸ் சப்சிஸ்டம்" பகுதியில் இருக்கும். யோக்டோவிலோ பில்ட்ரூட்டிலோ கான்ஃபிக் துண்டுக் கோப்பு வைப்பவர்கள் "கான்ஃபிக்_ஹெச்இசட்=250" என்று மட்டும் எழுதி ஏமாறுவது வழக்கம். அது கணக்கிடப்படும் மதிப்பு. கேகான்ஃபிக் அதைச் சத்தமில்லாமல் பழைய தேர்வுக்கே திருப்பிவிடும். எழுத வேண்டியது "கான்ஃபிக்_ஹெச்இசட்_250=ஒய்". பில்ட் முடிந்ததும் இறுதியான கான்ஃபிக் கோப்பைத் திறந்து பாருங்கள். போர்டில் பூட் ஆனதும் கோர்ஸ் கடிகாரத்தைத் திரும்பக் கேளுங்கள்.

இதில் மிக ஆபத்தான இடம் மாட்யூல்கள். ஒரு மாட்யூல் இந்தக் கர்னலுக்குப் பொருந்துமா என்று பார்க்கும் வெர்மேஜிக் சரத்தில் கர்னல் பதிப்பு, எஸ்எம்பி, ப்ரீஎம்ப்ட் போன்றவை உண்டு, ஹெச்இசட் இல்லை. 100க்குக் கம்பைல் செய்த வைஃபை மாட்யூலை 1000 கர்னல் முறைப்பாடு எதுவுமின்றி ஏற்றிக்கொள்ளும். மாறிலியாக எழுதப்பட்ட மில்லிசெகண்டுகள் கம்பைல் நேரத்திலேயே ஜிஃபியாக மாறிவிடுவதால், அதன் 500 மில்லிசெகண்டு டைமவுட் 50 ஜிஃபியாக உறைந்திருக்கும். புதிய கர்னலில் அது 50 மில்லிசெகண்டு. மாட்யூல் ஏறும், பிழைச் செய்தி வராது, இணைப்பு மட்டும் அடிக்கடி அறுபடும். ஆகவே லோக்கல்வெர்ஷனில் (கர்னல் பதிப்புப் பெயரின் பின்னொட்டு) ஹெச்இசட் எண்ணைச் சேர்த்துவிடுங்கள். மாட்யூல் கோப்பகமே தனியாகிவிடும். மாட்வெர்ஷன்ஸ் (சரிபார்ப்பு எண்களைக் கொண்டு பொருத்தம் பார்க்கும் வசதி) இயக்கியிருந்தால் பதிப்புப் பெயர் ஒப்பீடு தவிர்க்கப்படும் என்பதால், பாதையைக் கொடுத்து இன்ஸ்மாட் செய்யும் ஸ்கிரிப்ட்களுக்கு இந்த வேலி போதாது. பூட் தொடக்கத்தில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள் பழைய மாட்யூல் ஒளிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். மூலக்குறி இல்லாமல் வெறும் மாட்யூலாகத் தந்த விற்பனையாளர் டிரைவர் இருந்தால், புதிய ஹெச்இசட்டுக்கு அவர்களிடமே திரும்பக் கேட்டு வாங்க வேண்டும். கிடைக்காவிட்டால் ஹெச்இசட்டை மாற்றாமல் விட்டுவிடுவது நல்லது.

பூட் நேரத்தைக் குறைக்க எல்பிஜே மதிப்பை பூட் ஆர்கியுமென்ட்டில் எழுதிவைத்திருக்கும் போர்டுகள் உண்டு. அந்த எண் ஒரு ஜிஃபிக்கான லூப் எண்ணிக்கை. லூப் எண்ணித் தாமதம் செய்யும் சிப்களில், 1000இலிருந்து 100க்கு இறங்கி அந்த எண்ணை மாற்ற மறந்தால் யூடிலே (மைக்ரோசெகண்டுத் தாமதங்கள்) எல்லாம் பத்தில் ஒன்றாகச் சுருங்கும். டிஸ்ப்ளே துவக்கம், நாண்ட் ஃபிளாஷ் எல்லாம் காரணம் புரியாமல் தவறும். மேலே ஏறினால் பத்து மடங்கு நீளும். எதுவும் உடையாது, பூட் மட்டும் நகராது. ஆர்கியுமென்ட்டை நீக்கி ஒருமுறை பூட் செய்து, புதிய எண்ணை லாகிலிருந்து எடுத்து எழுதுங்கள்.

கீழே இறங்குபவர்களுக்கு இன்னொரு பள்ளம்: டிரைவரில் ஹெச்இசட்/200 என்று எழுதியிருந்தால் 1000இல் 5 ஜிஃபி, 250இல் 1, 100இல் பூஜ்யம். பூஜ்ய டைமவுட் கொடுத்த வெயிட்_ஈவென்ட்_டைமவுட் நிபந்தனையை ஒருமுறை பார்த்துவிட்டு உடனே தோல்வி சொல்லும். வகுக்கும் எண் 100க்கு மேல் உள்ள இடங்கள், ஹெச்இசட்டோ எம்செக்ஸ்_டு_ஜிஃபீஸோ இல்லாமல் ஜிஃபியோடு வெறும் எண்ணைக் கூட்டும் இடங்கள், ஷெட்யூல்_டைமவுட்(1) ஆகிய மூன்றையும் விற்பனையாளர் டிரைவர் கோப்பகத்தில் கிரெப் செய்து பாருங்கள். எம்செக்ஸ்_டு_ஜிஃபீஸ் மேல்நோக்கி உருட்டும் என்பதால் அங்கே பூஜ்யப் பயம் இல்லை. 100 தடவை எம்ஸ்லீப்(1) சுற்றும் ப்ரோப் லூப்பும் கவனிக்க வேண்டியது: 1000இல் கால் வினாடிக்குள் முடிந்தது, 100இல் 2 வினாடிக்கு மேல் இழுக்கும்.

டாப் கட்டளை காட்டும் எண்களையும் புதிதாகப் படிக்கப் பழக வேண்டும். டிக் அடிக்கும் கணத்தில் யார் ஓடினார் என்று பார்த்து எழுதுவதுதான் சாதாரண சிபியு கணக்கு. ஒவ்வொரு டிக்குக்கும் பின்னால் எழுந்து அடுத்ததற்கு முன் தூங்கிவிடும் வேலை, மேல் வரியின் மொத்தச் சதவீதத்தில் வராமலே போகலாம். ப்ராசஸ்வாரி மொத்தம் ஷெட்யூலரின் துல்லியமான கணக்கோடு சரிசெய்யப்படுவதால் அது ஓரளவு உண்மை. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் ப்ராசஸ் வரியை நம்புங்கள்.

32 பிட் போர்டில் ஜிஃபி எண்ணி 100இல் 497 நாளில் சுற்றித் திரும்பும், 1000இல் 49.7 நாளில். இந்தப் பிழை மாதக்கணக்கில் ஒளிந்திருக்கக் கூடாது என்று கர்னல், பூட் ஆன ஐந்தாவது நிமிடத்திலேயே முதல் சுற்று வரும்படி எண்ணியைத் தொடங்குகிறது. எனவே புதிய கர்னலில் ஒவ்வொரு சோதனையையும் பூட் ஆன முதல் 10 நிமிடத்துக்குத் தொடர்ந்து ஓடவிடுங்கள். ஜிஃபிகளை, சுற்றித் திரும்புவதையும் கணக்கில் கொள்ளும் டைம்_ஆஃப்டர் இல்லாமல் நேரடியாக ஒப்பிடும் டிரைவர் இருந்தால் அந்த ஐந்தாவது நிமிடத்தில்தான் பிடிபடும்.